ஒர்லிண்டாவின் கரை

2014ஆம் ஆண்டு மார்ச் மாதம் மூன்றாம் நாள், திங்கட்கிழமை. அன்று காலை, நியூ மெக்சிகோவின் வடக்கே சௌஸே ஆற்றை ஒட்டியுள்ள சான் ஹெர்வாசியோ என்ற சிற்றூரில், ஒர்லிண்டா என்னும் பெண்மணியின் வேலிக்கதவில் மாவட்ட அலுவலகம் ஓர் அறிவிப்பை ஒட்டிச் சென்றது. அவருடைய நிலத்தின் விளிம்பில், ஆற்றங்கரையில் கிடக்கும் பழைய கார்கள் யாவும் 'உரியவரால் கைவிடப்பட்ட குப்பை' என்றும், முப்பது நாளுக்குள் அவர் அவற்றை அகற்றாவிட்டால் அலுவலகமே இயந்திரம் கொண்டுவந்து அகற்றும் என்றும் அதில் எழுதியிருந்தது. அவை குப்பையும் அல்ல, கைவிடப்பட்டவையும் அல்ல. அவைதாம் அந்தக் கரை. அவற்றைப் பிடுங்கினால், மலையில் பனி உருகி வரும் முதல் வெள்ளத்திலேயே ஒர்லிண்டாவின் ஆப்ரிகாட் தோட்டமும், அதன் பின்னால் ஓடும் ஊர் வாய்க்காலும் ஆற்றோடு போய்விடும். இதைக் கேட்டறிய ஒருவரும் அவர் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பார்க்காததற்கு அலுவலகம் வைத்திருந்த காரணம் அதைவிட மோசமானது. ஆதாரமாக ஒரு புகைப்படம் அறிவிப்போடு இணைக்கப்பட்டிருந்தது. அதை எடுத்தவர் அதே ஊரில், கூப்பிடு தூரத்தில் வாழும் அன்செல்மோ.

அன்செல்மோ அப்போது முந்தைய நாள் மிளகாய்க் கறியை அடுப்பில் சூடுபடுத்திக்கொண்டிருந்தார். எழுபதைக் கடந்தவர், தனிக்கட்டை. அவர் வீட்டுக் கதவு தட்டப்படவில்லை, திறக்கப்பட்டது.

"போட்டோக்காரரே, உங்க கைவேலை என் கதவுல தொங்குது. அங்க வந்து பாக்குறீங்களா, இங்கயே காட்டவா?"

"என்ன ஒர்லிண்டா, காலங்காத்தால?"

"காலங்காத்தாலதான் ஒட்டிட்டுப் போயிருக்கான். பசைகூடக் காயல." தாளை மேசைமேல் அறைந்தார் ஒர்லிண்டா. "படிங்க. கண்ணாடியப் போட்டுக்கிட்டு வெளிச்சத்துல நின்னு படிங்க. உங்க கேமராவோட கறுப்புத் துணிக்குள்ள பூந்துக்காதீங்க."

அன்செல்மோ படித்தார். இரண்டாம் பக்கத்தில் அவர் எடுத்த படம், மங்கலான நகலாக இருந்தது. விடியற்காலை வெளிச்சம், தொலைவில் தட்டையான உச்சியுடைய செம்மண் மலை, முன்னே ஆற்றை முறைத்தபடி மண்ணில் பாதி புதைந்த கார்களின் வரிசை. ஓர் உயிரும் இல்லை. படத்தின் கீழே அச்சிட்டிருந்த வரியையும் சேர்த்தே நகலெடுத்திருந்தார்கள்: 'கைவிடப்பட்டவை, சௌஸே ஆறு.'

"இந்தப் பேரு யாரு வெச்சது?"

"நான்தான்."

"யாரு கைவிட்டா?"

கறி அடிப்பிடிக்கும் வாடை எழுந்தது.

"கேட்டா பதில் சொல்லணும். என் வீட்டுக்காரரு எலோய் கைவிட்டாரா? நான் கைவிட்டேனா? போன வாரம்கூட அந்த பியூக் காருக்குள்ள கல்லு போட்டேன். நீங்க அந்தாண்ட நின்னு பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?" என்று கேட்டுக்கொண்டே ஒர்லிண்டா அடுப்பை அணைத்தார், வாணலியைத் துணியால் பிடித்து இறக்கி ஓரமாக வைத்தார். அதன் பிறகும் கோபம் குறையாமலே வெளியேறினார். வாசலிலிருந்து குரல் மட்டும் வந்தது. "அடியில பிடிச்சதச் சுரண்டித் தின்னாதீங்க. வயித்துக்கு ஆகாது."

அன்செல்மோவுக்கு அந்தக் கார்களின் கதை தெரியாது என்று யாரும் எண்ண வேண்டாம். ஒர்லிண்டாவும் எலோயும் மணமுடித்த புதிதில் வந்த வெள்ளம் ஒன்று பாதித் தோட்டத்தைத் தின்றுவிட்டுப் போயிற்று. மீதியைக் காப்பாற்ற எலோய் பழைய இரும்புக் கடைகளிலிருந்து உடைந்த கார்களை இழுத்துவந்தார். ஹட்சன், பியூக், ஸ்டூடிபேக்கர் என்று அகப்பட்டதை எல்லாம் ஆற்றின் போக்குக்கு எதிர்முகமாகச் சரித்து நிறுத்தினார். உள்ளே கல்லை நிரப்பினார். ஒன்றின் சன்னல் வழியே நுழைத்த இரும்புக் கம்பிவடத்தை அடுத்ததன் சன்னல் வழியே எடுத்து, எல்லாவற்றையும் மாலையாகக் கோத்து, மேட்டில் புதைத்த கட்டையில் கட்டினார். அந்நாளில் அவ்வட்டாரத்து ஆற்றங்கரைகளில் எல்லாரும் செய்ததுதான். ஆனால் செய்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது. ஒவ்வோர் ஆண்டும் ஆறு எங்கேயாவது நாக்கை நுழைத்துப் பார்க்கும். நுழைந்த இடத்தில் கல் போட வேண்டும். கார்களின் இடுக்குகளில், ஆற்றோரம் வளரும் வில்லோ மரத்தின் கழிகளை நட்டு வேர்விடச் செய்ய வேண்டும். எலோய் இருந்தவரையில் இருவரும் செய்தார்கள். அவர் காலமான பின் ஒர்லிண்டா தனியாகச் செய்துவந்தார்.

இவ்வளவும் அன்செல்மோ கண்ணெதிரே நடந்தவை. அவருடைய குற்றம் அறியாமை அன்று. அறிந்த ஒன்றைக் கறுப்புத் துணிக்குள் தலை நுழைத்ததும் அறியாதவராகிவிடுவது, அதுதான் குற்றம்.

பக்கத்து நகரத்தில் புகைப்பட நிலையம் வைத்துப் பிழைத்தவர் அவர். ஞானஸ்நானம், முதல் நற்கருணை, திருமணம் என்று வாரம் முழுவதும் மனிதர்களைச் சிரிக்கச் சொல்லி, தோளை நிமிர்த்தச் சொல்லி, மணப்பெண்ணின் தாயார்களிடம் ஏச்சு வாங்கி அலுத்துப்போனவர். ஓய்ந்த நாள்களில், ஒரு பெரிய மரக் கேமராவைத் தோளில் சாய்த்துக்கொண்டு, எவருக்கும் தாயார் இல்லாத இடங்களுக்குப் போவார். இறக்கைகள் உதிர்ந்த காற்றாலை, பெட்ரோல் நிரப்பும் குழாய் மட்டும் எஞ்சிய நெடுஞ்சாலை நிலையம், சாலையே மறைந்த பின்னும் நின்றுகொண்டிருக்கும் தபால் பெட்டி, மழையில் கரைந்து முதுகு கூனிய மண்சுவர்க் கோயில். அவற்றின் முன் நாள் முழுக்கக் காத்திருப்பார். வெயில் சாய்ந்து, செம்மண் மலையின் மடிப்புகளில் நீல நிழல் இறங்கி, துருப்பிடித்த தகரம் பழுத்த பழம்போல் ஒளிரும் அந்தச் சில நிமிடங்களுக்காக அவர் பசியையும் பொறுப்பார், பாம்பையும் பொறுப்பார். அந்த வேளையில் அவர் முகத்தைப் பார்த்தவர்கள், தொட்டிலில் தூங்கும் குழந்தையைப் பார்ப்பவரின் முகம் என்பார்கள். அந்த அன்பு பொய்யில்லை.

ஆனால் மனிதர் எவரும் படத்தில் விழக் கூடாது. அவரது கேமராவில் ஒரு ஃபிலிம் தகட்டுக்கு ஒரு படம்தான்; ஒளிபுகும் துளையை ஊசிமுனை அளவுக்குச் சுருக்கி, பல நொடிகள் திறந்துவைக்க வேண்டும். அதற்குள் யாராவது குறுக்கே நடந்தால் மலையும் காரும் கூர்மையாக விழும்; நடந்தவர் மட்டும் புகையாகப் பதிவார். அவர் கணக்கில் அந்தத் தகடு கெட்டுப்போனது. ஆகவே, ஒர்லிண்டாவின் கரையில் அவர் கேமராவை நிறுத்திய ஒவ்வொரு முறையும் ஆற்றோரத்தில் ஒரே குரல் கேட்கும்: "கொஞ்சம் தள்ளி நில்லுங்க!" ஒர்லிண்டா வாளியோடு தள்ளி நிற்பார். கொடியில் துணி காய்ந்தால் அதையும் எடுத்துவிடச் சொல்வார் அன்செல்மோ. ஈரத்துணியைக் கூடையில் அள்ளியபடி, "உங்க படத்துக்கு என் போர்வை என்ன பாவம் பண்ணிச்சு?" என்பார் ஒர்லிண்டா. அந்தக் கேலியோடு எல்லாம் முடிந்துபோகும்.

சென்ற ஆண்டு சாந்தா ஃபேயிலுள்ள காட்சிக்கூடம் ஒன்று அவருடைய படங்களைக் கண்டுகொண்டது. வரும் ஜூனில் அவருக்கென்றே தனிக் கண்காட்சி. அதற்கு முன்னோட்டமாக ஒரு நாட்காட்டி. வாழ்நாள் முழுவதும் அவர் வெளியில் சொல்லாமல் ஏங்கியது அதுதான். ஒவ்வொரு படத்துக்கும் தலைப்பு வேண்டும் என்று தொலைபேசியில் கேட்டார்கள். கார்களின் படத்துக்கு 'கைவிடப்பட்டவை' என்றார். காதுக்கு நன்றாக இருந்தது. நாட்காட்டியில் மே மாதத்துக்கு அந்தப் படம். அதைப் பார்த்துவிட்டு ஆற்றைத் துப்புரவு செய்யக் கிளம்பிய நல்லவர் யாரோ மாவட்ட அலுவலகத்துக்கு எழுத, அலுவலகம் பசையும் தாளுமாகப் புறப்பட்டது.

அன்று பிற்பகலே அன்செல்மோ அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினார். விட்லோ என்ற இளம் பெண் அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார்.

"ஐயா, ஒரு பொருள ஒருத்தர் தொடர்ந்து பராமரிச்சு, ஒரு வேலைக்காக அங்க வெச்சிருந்தா அது கட்டுமானம். நாங்க கை வைக்க மாட்டோம். விட்டுட்டுப் போயிருந்தா அது குப்பை. பராமரிச்சதுக்கு ஆதாரம் ஏதாச்சும் இருக்கா?"

"ஊரே சொல்லும்மா."

"ஊரு சொல்லும். எல்லா ஊருமே சொல்லும். கண்ணால பாக்குற மாதிரி ஏதாச்சும்?"

"நான் பாத்திருக்கேன்."

"நீங்க எடுத்த படத்துல ஒரு மனுஷர்கூட இல்லையே ஐயா. கீழ நீங்களே கைவிடப்பட்டதுன்னு வேற சொல்லியிருக்கீங்க." சற்றுத் தயங்கிவிட்டு அவர் தொடர்ந்தார். "ஊர் வாய்க்கால் தூர்வார்ற அன்னிக்கு நேர்ல வர்றேன். அன்னிக்குள்ள ஏதாச்சும் கெடைச்சா காட்டுங்க. கெடைக்கலைன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

வாய்க்கால் பொறுப்பாளர் டிராங்கிலினோவிடம் ஊரின் பழைய தீர்மானங்கள் ஏதாவது இருக்குமோ என்று கேட்கப் போனார் அன்செல்மோ. இருவரும் ஒன்றாகப் பள்ளிக்குப் போனவர்கள். டிராங்கிலினோ தம் வீட்டு முற்றத்தில் மண்வெட்டிக்குக் காம்பு பூட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க, வாங்க! ஆளில்லாத ஊருக்கு அதிபதி!"

"கிண்டல் பண்ணாத டிராங்கிலினோ. ஒர்லிண்டாவோட கரை போகப் போவுது."

"கரை போனா என் வாய்க்காலும் போவும். எனக்குத் தெரியாதா? அதான் மண்வெட்டிக்குக் காம்பு பூட்டுறேன். கரைக்கா, உனக்கான்னு இன்னும் முடிவு பண்ணல."

"ஏதாச்சும் பழைய தீர்மானம், எலோய் கரை கட்டினதப் பத்தி..."

"வாய்க்காலப் பத்தித்தான் எழுதுவோம். கரை அவங்க சொந்த நெலம். எழுத என்ன இருக்கு?" டிராங்கிலினோ காம்பைத் தரையில் குத்திப் பார்த்தார். "ஏன்யா, உனக்கு ஞாபகம் இருக்கா? என் கழுதையைக்கூட நீ படத்துலேருந்து வெரட்டுன."

"அது வாலை ஆட்டிக்கிட்டே இருந்துச்சு."

"ஆட்டாம இருக்க அதென்ன செத்தா போச்சு? உன் சங்கதியே அதானே. உசுரோட இருக்குற எதையும் கண்டா உனக்கு ஆவாது. கெட்டுப்போச்சு, கெட்டுப்போச்சுன்னு தலையில அடிச்சிப்ப. எத்தனை படம் அந்த மாதிரி கெட்டுச்சு? அந்தக் கழுதையால மட்டும் ரெண்டு."

"மூணு" என்றார் அன்செல்மோ. சொல்லிவிட்டு அப்படியே நின்றார்.

"என்னய்யா?"

அன்செல்மோ வீட்டை நோக்கி நடந்தார். எழுபது வயதுக்கு அது நடை அன்று, ஓட்டம்.

தேறிய தகடுகளை அவர் தனித்தனி உறையிலிட்டு, இடம் எழுதி, மரப்பெட்டியில் அடுக்கிவைப்பது வழக்கம். கெட்டுப்போனவற்றைச் சமையல் கொழுப்பு வந்த ஒரு பெரிய தகர டப்பாவில் போட்டுவிடுவார். அது அலமாரிக்கு மேலே, வெடித்த ஒரு குடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. ஏன் எறியவில்லை என்று அவரைக் கேட்டால் அவருக்கே தெரியாது. எறிவதற்காக எடுப்பார், வெளிச்சத்தில் ஒரு முறை பார்ப்பார், டப்பாவிலேயே போட்டுவிடுவார். டப்பா நிரம்பிய பிறகு, அமுக்கிப் போட்டார்.

அதைக் கீழே இறக்கி, மேசையில் கவிழ்த்தார். காற்றாலையின் முன்னால் ஓடிய முயல், கோயிலின் முன்னால் நின்ற யாரோ ஒரு சுற்றுலாப் பயணி, டிராங்கிலினோவின் கழுதை மூன்று முறை. ஆனால் பாதிக்குமேல் அந்த ஆற்றங்கரைதான். கார்களின் வரிசையும் மலையும் உள்ள தகடுகளை எல்லாம் பிரித்தெடுத்தார். குளியலறையின் சன்னலுக்குப் போர்வையை அறைந்துவிட்டு, தாளோடு தகட்டைச் சேர்த்து அழுத்தி, ஒவ்வொன்றாக அச்செடுத்தார். அவற்றைத் தொட்டிக்கு மேலே காயவிட்ட பிறகுதான், தாம் எடுத்தவை எவை என்று வாழ்நாளில் முதல் முறையாகப் பார்த்தார்.

கேமரா எப்போதும் ஒரே மேட்டில்தான் நின்றிருக்கிறது. மலை மாறவில்லை. கார்கள் மாறவில்லை. மாறியவை மற்றவை. ஒரு படத்தில் ஹட்சன் காரின் சன்னலில் செருகிய வெறுங்கழி, இன்னொன்றில் இலைவிட்டிருந்தது. பிறகொன்றில் அது மரமாகிக் காரின் கூரையையே மறைத்தது. அவற்றின் நடுவே ஒரு புகை. குனிந்த புகை, நிமிர்ந்த புகை, கார்க் கதவுக்குள் பாதி நுழைந்த புகை. புகையின் பக்கத்தில், தரையில் வைத்த வாளி மட்டும் அதன் பிடியில் இருந்த துரு தெரியும் அளவுக்குக் கூர்மையாக இருந்தது. எல்லாப் படத்திலும் ஒரு வாளி. எல்லாப் படத்திலும் வேலை. தேறிய தகடுகள் எல்லாம், அந்தப் புகை அவர் சொல்லி ஒதுங்கி நின்ற வேளையில் எடுத்தவை.

மறுநாள் காலை அவற்றைக் கையில் எடுத்துக்கொண்டு ஒர்லிண்டாவின் வீட்டுக்குப் போனார். ஒர்லிண்டா அவரை உட்காரச் சொல்லவில்லை. ஆனால் காப்பிக் குவளையை மேசையின் இந்தப் பக்கம் நகர்த்தினார். அன்செல்மோ உட்கார்ந்தார்.

"என்ன அது?"

"கெட்டுப்போன படங்க. கொழுப்பு டப்பாவுல கெடந்துச்சு."

"நல்ல படத்தால வந்த கெடுதி போதாதா?"

"பாருங்களேன்."

ஒர்லிண்டா முதல் படத்தை எடுத்தார். கண்ணருகே கொண்டுபோனார், பிறகு தூரப் பிடித்தார். "யாரு இது, பேயா?"

"நீங்கதான். நகர்ந்தா அப்படித்தான் விழும்."

"சும்மா நின்னா கரை தானா நிக்குமா?" என்று முணுமுணுத்தபடி அடுத்ததை எடுத்தார். "இந்த வாளி ஓட்டை விழுந்து எத்தனை காலமாச்சு. இந்த வில்லோ நட்டது நானு. இது கருகிப்போச்சு, மறுபடி நட்டேன்... இந்தப் பாவாடை!" முகத்தில் இருந்த இறுக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. "எங்கம்மா தெச்சது. இத ஒளிச்சு வெச்சிருந்தீங்களா?"

அன்செல்மோ ஒரு படத்தை மட்டும் கையிலேயே வைத்திருந்தார். அதைக் கடைசியாக நீட்டினார்.

அதில் ஒரு புகை, ஸ்டூடிபேக்கரின் முன்னால் குனிந்திருந்தது. ஆனால் அதற்கு அப்பால், மண்வெட்டியின் மேல் இரு கைகளையும் வைத்து, தாடையைக் கைகளின்மேல் ஊன்றி, ஓர் ஆண் அசையாமல் நின்றிருந்தார். தொப்பியின் விளிம்பு, சட்டைப் பையில் பென்சில், நாலு நாள் தாடி. கேமராவைப் பார்க்கவில்லை அவர். குனிந்திருந்த அந்தப் புகையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஒர்லிண்டா படத்தைச் சன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். அடுப்பில் பைன் விறகு வெடித்தது.

எலோயின் படங்கள் அவ்வீட்டில் இல்லாமல் இல்லை. சுவரில் திருமணப் படம் இருந்தது, அன்செல்மோ எடுத்ததுதான். அதில் எலோய் இரவல் கோட்டில், பல்வலிக்காரரைப் போல் நிற்பார். வேலை செய்யும் எலோய், தம் கரையில் நிற்கும் எலோய், எங்கும் இல்லை.

"அன்னிக்கு நான் பாசியில வழுக்கித் தண்ணிக்குள்ள ஒக்காந்துட்டேன்" என்றார் ஒர்லிண்டா. "கை கொடுக்காம நின்னு சிரிச்சாரு மனுஷன். ரெண்டு நாளு பேசல நான்." படத்தின் ஓரத்தை விரலால் தடவினார். "ஏன்யா, இத்தனை வருஷமா இத ஒரு கொழுப்பு டப்பாவுலயா வெச்சிருந்தே?"

"கெட்டுப்போச்சுன்னு..."

"கெட்டுப்போச்சாம்! அப்ப ஏன் எறியல?"

"எறிய மனசு வரல ஒர்லிண்டா. ஏன்னு தெரியல."

"ஒனக்கு என்னதான் தெரியும்? காப்பியக் குடி. ஆறிப்போச்சு."

வாய்க்கால் தூர்வாரும் நாளன்று ஊரில் மண்வெட்டி பிடிக்கத் தெரிந்த அத்தனை பேரும் வாய்க்காலுக்குள் இருந்தார்கள். நகரத்துக்குக் குடிபோனவர்கள்கூடத் தத்தம் பங்கு வேலைக்கு வந்திருந்தார்கள். நண்பகலில் விட்லோ வந்தார். புதுக் காலணிகளில் சேறு படாமல் நடக்க முயன்று தோற்றார். டிராங்கிலினோ அவரைக் கரைக்கு அழைத்துவந்தார். ஒர்லிண்டா பியூக் காருக்குள் கல் போட்டுக்கொண்டிருந்தார். அதிகாரி வந்ததற்காக நிறுத்தவில்லை.

அன்செல்மோ படங்களை ஹட்சன் காரின் எஞ்சின் மூடிமேல் பரப்பினார். விட்லோ குனிந்து பார்த்தார். தலை நிமிர்ந்து எதிரே நிற்கும் வில்லோ மரங்களைப் பார்த்தார், மறுபடி குனிந்தார்.

"ஆளு தெளிவா இல்லையே ஐயா. இது யாருன்னு எப்படிச் சொல்றது?"

"ஆள விடும்மா, கழியப் பாரு. இங்க வெறுங்கழி. இங்க இலை. இங்க மரம். அந்த மரம் இதோ, ஒன் தோளுக்குப் பின்னால. இந்தக் கல்லு வரிசை இங்க மூணு அடுக்கு, இங்க அஞ்சு அடுக்கு. கல்லு தானா ஏறி ஒக்காருமா?"

"ஏறாதுதான்."

"எதிர்க் கரையப் பாரு" என்று டிராங்கிலினோ குறுக்கே புகுந்தார். "இந்தப் படத்துல அந்தக் கரை அங்க இருக்கு. இப்ப எங்க இருக்கு? எங்க சித்தப்பா சோளம் போட்ட எடம் அது. இப்ப மீனு போடுது."

விட்லோவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "சரி. இதெல்லாம் நான் ஏத்துக்கிறேன். ஆனா மேலதிகாரி ஒண்ணு கேப்பாரு. இதே ஆளு எடுத்த படத்துலதான் கைவிடப்பட்டதுன்னு போட்டிருக்கு, எத நம்புறதுன்னு. என்ன சொல்லட்டும்?"

எல்லாரும் அன்செல்மோவைப் பார்த்தார்கள். பியூக் காருக்குள் கல் விழும் ஓசையும் நின்றுவிட்டது.

"அது பொய்னு சொல்லும்மா" என்றார் அன்செல்மோ. "மலை உண்மை. காரு உண்மை. கீழ சொன்னது பொய். ஆளு இருந்தாங்க. நான்தான் தள்ளி நிக்கச் சொன்னேன்."

"எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா? காட்சிக்கூடத்துக்கும் ஒரு பிரதி போகும்."

போனால் என்ன ஆகும் என்பது அன்செல்மோவுக்குத் தெரியும். கண்காட்சியே கைவிடப்பட்ட பொருள்களைப் பற்றியது. அதன் வாசலில் தொங்கவேண்டிய படம் இது. அவர் சற்றுநேரம் மலையைப் பார்த்தார். வெயில் உச்சியில் நின்றது. படமெடுக்க எவனும் விரும்பாத வெளிச்சம். டிராங்கிலினோவின் முதுகை மேசையாக்கி, அங்கேயே எழுதிக் கையெழுத்திட்டார்.

"அழுத்தி எழுதாதய்யா, கூசுது" என்றார் டிராங்கிலினோ.

அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. காட்சிக்கூடம், அந்தத் தலைப்பில்லாமல் அந்தப் படம் எடுபடாது என்றது. சரி, எடுத்துவிடுங்கள் என்றார் அன்செல்மோ. மற்ற படங்களுக்கான தலைப்புகளை உறுதிசெய்யச் சொன்னார்கள். அவர் அந்தப் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு, காற்றாலை, தபால் பெட்டி, கோயில் என்று ஒவ்வொன்றாக யோசித்தார். இவற்றில் எதன் பக்கத்து வீட்டுக் கதவையாவது அவர் தட்டியிருக்கிறாரா? ஒன்றையும் தட்டவில்லை. தட்டிவிட்டு வருகிறேன் என்று காட்சிக்கூடத்துக்குப் பதில் எழுதினார். அவர்கள் காத்திருக்கவில்லை, அவருடைய இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்தச் செய்தி வந்த அன்று அவர் அடுப்பே மூட்டவில்லை. மாலையில் ஒர்லிண்டா ஒரு கிண்ணம் அவித்த பீன்ஸையும், துணியில் சுற்றிய சூடான டோர்ட்டியா ரொட்டிகளையும் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போனார்.

மே மாதம் மலைப்பனி உருகியது. ஆறு செம்பழுப்பாகச் சுழித்துவந்து கார்களின் முகத்தில் மோதி, உறுமி, வழி கிடைக்காமல் எதிர்ப்பக்கம் திரும்பிப் போயிற்று. ஒரு நாள் விடியலில் அன்செல்மோ கேமராவைத் தோளில் சுமந்து மேட்டுக்கு வந்தார். கீழே ஒர்லிண்டா வாளியோடு நின்றிருந்தார். கேமராவைக் கண்டதும் பழக்கத்தால் ஒதுங்கப் போனார்.

"போவாத" என்றார் அன்செல்மோ. "அங்கயே நில்லு."

"நிக்கவா? ஸ்டூடிபேக்கர் பக்கம் தண்ணி உள்ள எறங்குதுய்யா. நிக்க நேரமில்ல. வேணும்னா பொகையா எடுத்துக்க."

துணிக்குள் தலை நுழைத்தார் அன்செல்மோ. பல நொடிகள் திறந்துவைத்தார். ஒர்லிண்டா குனிந்தார், நிமிர்ந்தார், நடந்தார், அவரைப் பார்த்து ஏதோ திட்டினார். அன்செல்மோ தகட்டை மூடி, உறையிலிட்டு, அதன்மேல் ஒர்லிண்டாவின் பெயரை எழுதினார். பிறகு கேமராவை மேட்டிலேயே விட்டுவிட்டுக் கல் எடுத்துக்கொடுக்கக் கீழே இறங்கினார்.

கரை நின்றது. ஆனால் நாட்காட்டி நின்றபாடில்லை. அது ஆயிரக்கணக்கில் விற்றுவிட்டது. அதைப் பார்த்துவிட்டு இன்றைக்கும் யாராவது ஆற்றங்கரைக்கு வருகிறார்கள். யாருக்கும் வேண்டாததுதானே என்று சக்கரமூடியைக் கழற்றிக்கொண்டு போகிறார்கள். கம்பிவடத்தில் கை வைக்கிறார்கள். ஆகையால் இதைப் படிக்கும் உங்களிடம் கேட்பது ஒன்று. அந்தப் பக்கம் சுற்றுலா போய்வந்த உறவினர் எவராவது அந்த நாட்காட்டியை உங்களுக்கு வாங்கிவந்து கொடுத்திருந்தால், ஆண்டு முடிந்துவிட்டது என்று பார்க்காமல், சுவரிலிருந்தோ பரணிலிருந்தோ அதை எடுங்கள். மே மாதத்தைத் திருப்புங்கள். படத்தின் கீழே உள்ள வரியை மையால் அடியுங்கள். அதன் மேலே, பிறர் படிக்கும்படி தெளிவாக, பிழையில்லாமல் எழுதுங்கள்: ஒர்லிண்டாவின் கரை.